புகைப்படத்தின் 'அளவு' என்றால் எந்த அளவு?

தங்கை மகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் கெட்டி, கணக்கில் என்னைப் பலமுறை மடக்கியவள். அவளை அரை நாள் திணற வைத்தது வினாத்தாள் அல்ல, அவளுடைய புகைப்படம்தான். "மாமா, ஐம்பது கேபிக்குள் வேண்டும் என்கிறது. எவ்வளவு வெட்டினாலும் குறையவே மாட்டேன் என்கிறது" என்று மடிக்கணினியோடு வந்து நின்றாள். கைப்பேசியில் எடுத்த படம். சுவர், சன்னல், கொடியில் காய்ந்த துண்டு எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தாள். அப்படியும் கோப்பு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது.

வெட்டுவது வேறு, சுருக்குவது வேறு. வெட்டினால் படத்தின் ஓரங்கள் போகும். மிச்சமிருக்கும் பகுதியின் நெருக்கம் அப்படியே இருக்கும். வெட்டிய பிறகும் அவள் படம் லட்சக்கணக்கான புள்ளிகளோடு இருந்தது. அதைத்தான் சுருக்க வேண்டும். ஆனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் 'அளவு' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. விண்ணப்பப் படிவத்திலும் ஸ்டூடியோவிலும் கணினியிலும் இந்த ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்கள் நடமாடுகின்றன. படத்தைச் சுருக்க முடியாமல் தவிக்கிறவர்களில் பலருக்குப் பிரச்சினை மென்பொருள் அல்ல. தம்மிடம் எந்த அளவைக் கேட்கிறார்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை.

புள்ளி எத்தனை, வரிசை எத்தனை

கோல நோட்டு வைத்திருக்கும் வீடுகளில் அதை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோலத்தின் தலையிலும் '15 புள்ளி, 15 வரிசை' என்று எழுதியிருக்கும். வாசல் சிறியதா பெரியதா என்பது அங்கே இருக்காது. புள்ளிகளை எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்பதும் இருக்காது. எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, அவ்வளவுதான். டிஜிட்டல் படத்தின் முதல் அளவும் இதுவே. கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிக் கம்பி இழுப்போம்; இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு நிறத்தால் நிரப்பப்பட்ட சிறு கட்டம். அதன் பெயர்தான் பிக்சல். '200க்கு 230 பிக்சல்' என்றால் வரிசைக்கு 200 புள்ளி, மொத்தம் 230 வரிசை.

இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் படம் 3024க்கு 4032 பிக்சல் என்று விழுகிறது. பெருக்கினால் 1,21,92,768. இதைத்தான் 12 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். ஒரு கோடியே இருபத்தொரு லட்சம் புள்ளிகளைத் தாண்டிய கோலம்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை சொல்ல ஆசை. 1957இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு புகைப்படத்தை முதன்முறையாக ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார்கள். அவருடைய மூன்று மாதக் குழந்தையின் முகம். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் சதுரம். புள்ளிகள் 176க்கு 176, அதாவது 30,976. வங்கித் தேர்வுக்குக் கேட்கும் 200க்கு 230 படத்தில் 46,000 புள்ளிகள். உலகின் முதல் டிஜிட்டல் படமும் பாஸ்போர்ட் அளவு முகப்படம் போன்ற ஒன்றுதான் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

எடை என்பது இன்னொரு அளவு

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைக் குறித்துவைக்க வேண்டும். புள்ளிக்கு மூன்று பைட். அந்தக் கணக்கில் கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் 36 எம்பிக்கு மேல் வர வேண்டும். ஆனால் நம் கையில் இருப்பது மூன்று, நான்கு எம்பிதான். மிச்சம் எங்கே போனது?

அதை விழுங்கியது ஜேபெக். 1992இல் தரமாக ஏற்கப்பட்ட சுருக்கும் முறை இது. நம் கண்ணின் பலவீனம் அதற்கு நன்றாகத் தெரியும். வெளிச்சம் கூடிக் குறைவதை நாம் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடுவோம். நிறம் லேசாக மாறுவது நமக்கு அவ்வளவாக உறைக்காது. ஆகவே நிறத் தகவலில் முதலில் கை வைக்கிறது. பிறகு படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எட்டாத நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தள்ளிவிடுகிறது. எவ்வளவு தள்ளலாம் என்பதை நாம் சொல்லலாம். சேமிக்கும்போது 'குவாலிட்டி' என்று ஒரு எண் கேட்கிறதே, அது இதற்குத்தான். அந்த எண் சதவீதம் அல்ல. 80 என்று வைத்தால் எடை 80 சதவீதமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பாதிக்கும் கீழே போய்விடலாம். 100 என்று வைத்தாலும் இழப்பே இல்லை என்று பொருள் அல்ல. மிகவும் கீழே இறக்கினால் கன்னத்தில் அந்தச் சதுரங்கள் பாய் பின்னல் மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

கேபி, எம்பி என்று சொல்வதெல்லாம் இந்த எடை. ஒரே புள்ளி எண்ணிக்கை உள்ள இரண்டு படங்களின் எடை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும் முகம் இலேசாக இருக்கும். ஜரிகைப் புடவையும் பின்னால் வேப்பமரமுமாக நின்றால் கனக்கும். ஜேபெக்குக்கு வெற்றிடம் என்றால் கொண்டாட்டம், நுணுக்கம் என்றால் செலவு.

மூன்றாவது, தாளில் வரும் அளவு. '3.5 சென்டிமீட்டருக்கு 4.5 சென்டிமீட்டர்' என்பது இந்த வகை. கோலத்துக்கே திரும்புவோம். பதினைந்து புள்ளிக் கோலத்தை விரல் இடைவெளியில் வைத்தால் பூஜையறைக்குள் அடங்கும். சாண் இடைவெளியில் வைத்தால் தெருவை அடைக்கும். கோலம் அதேதான். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகளை நெருக்கி அச்சடிப்பது என்பதைத்தான் டிபிஐ என்கிறார்கள். நல்ல அச்சுக்கு 300 என்பது வழக்கம். அப்படியானால் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படத்துக்கு ஏறத்தாழ 413க்கு 531 பிக்சல் வேண்டும். திரையில் பார்ப்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் டிபிஐ கோப்புக்குள் ஒட்டிய வெறும் துண்டுச் சீட்டு. 72 என்று இருப்பதை 300 என்று மாற்றினால் ஒரு புள்ளிகூடக் கூடாது, குறையாது. அதை மாற்றிவிட்டுப் படம் தெளிவாகிவிட்டதாகச் சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நான் மறுத்துப் பேசவில்லை.

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வுகளின் அறிவிப்பு இந்த மூன்றையும் ஒரே பத்தியில் கேட்கும்: படம் 4.5க்கு 3.5 சென்டிமீட்டர், 200க்கு 230 பிக்சல், எடை 20 முதல் 50 கேபி. உட்கார்ந்து வகுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 3.5ஐ 4.5ஆல் வகுத்தால் 0.78, 200ஐ 230ஆல் வகுத்தால் 0.87. இரண்டும் ஒரே சட்டகம் அல்ல! குழம்ப வேண்டாம். கணினிக்குள் ஏற்றும் படத்துக்கு பிக்சலும் கேபியும்தான் பேசும். சென்டிமீட்டர், ஒட்டுவதற்கு ஸ்டூடியோவில் எடுக்கும் தாள் படத்தின் பாஷை.

கையில் எடுத்த கருவி

இலவச மென்பொருள்களில் நான் அவளுக்கு வைத்துக் கொடுத்தது இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து ஆஸ்திரியாவில் வாழும் இர்ஃபான் ஸ்கில்யன் என்ற ஒரே மனிதர் 1996இல் வெளியிட்டு, இன்றுவரை மெருகேற்றி வருகிற விண்டோஸ் மென்பொருள். சில எம்பிதான், பழைய கணினியிலும் இரட்டைச் சொடுக்கில் திறந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பிரவுசிங் சென்டரில் காசு வாங்கிக்கொண்டு பயன்படுத்துகிறவர்கள் மட்டும் உரிமம் வாங்க வேண்டும்.

முதல் வேலை, மூலப் படத்தைப் பிரதி எடுத்து வேறொரு கோப்புறையில் வைத்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிரதியைத் திறந்ததும் வெட்டு. ஏற்கெனவே வெட்டித்தான் வைத்திருந்தாள் என்றாலும் அது கைக்கு வந்தபடி வெட்டியது. 200க்கு 230 என்பது 20க்கு 23 என்ற விகிதம். ஷிஃப்ட் விசையோடு சி விசையை அழுத்தினால் இர்ஃபான்வியூவில் வெட்டும் சட்டகத்துக்கு விகிதம் கொடுக்கும் பெட்டி வரும். அதில் அகலம் 1600, உயரம் 1840 என்று கொடுத்து, தலைக்கு மேலே கொஞ்சம் இடமும் தோள் தெரிகிற அளவும் விட்டுச் சட்டகத்தை நகர்த்தி வைத்தோம். கன்ட்ரோல் விசையோடு ஒய் விசை. வெட்டு முடிந்தது.

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே 200, 230 என்று எண்ணைத் திணிக்கிறவர்கள்தான் பெரும்பான்மை. 3024க்கு 4032 என்ற படத்தை அப்படி அமுக்கினால் முகம் சுமார் 16 சதவீதம் அகலமாகிவிடும். கன்னம் உப்பி, பல்வலிக்காரர் மாதிரி ஒரு படம். விண்ணப்பம் அதை ஏற்றுக்கொண்டுவிடும் என்பதுதான் கொடுமை. தேர்வு அறை வாசலில் நிற்கிறவருக்குத்தான் சந்தேகம் வரும்.

அடுத்தது சுருக்கம். கன்ட்ரோல் விசையோடு ஆர் விசை. வருகிற பெட்டியில் அகலம் 200 என்று அடித்தவுடன் உயரம் தானாக 230 ஆனது. விகிதம் சரியாக வெட்டப்பட்டிருப்பதற்கு அதுவே சாட்சி. 'ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற குறி விழுந்திருக்கட்டும். அதை எடுக்க ஒருபோதும் தேவை வராது. அதே பெட்டியில் 'ரீசைஸ்', 'ரீசாம்பிள்' என்று இரண்டு வழிகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

காரணம் இது. 1600, 200 ஆகிறது. 1840, 230 ஆகிறது. இரண்டும் எட்டில் ஒரு பங்கு. எட்டுக்கு எட்டு, 64 புள்ளிகள் இருந்த இடத்தில் இனி ஒரே புள்ளி. முதல் வழி, அந்த 64 பேரில் ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டு மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும். அந்த ஒருவர் கறுப்பு முடியாகவும் இருக்கலாம், பக்கத்து நெற்றியாகவும் இருக்கலாம். அதனால்தான் அந்த வழியில் சுருக்கிய படத்தில் தலைமுடி ரம்பப் பல்லாகத் தெரிகிறது. கோடு போட்ட சட்டை என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது வழி அத்தனை பேரிடமும், அக்கம்பக்கத்தாரிடமும்கூட, கேட்டு ஒரு கலவை நிறத்தை வைக்கும். அந்தக் கலவைக்கு எத்தனையோ கணித முறைகள் உண்டு. இர்ஃபான்வியூவில் 'லான்சோஸ்' என்று ஒன்று பட்டியலில் இருக்கும்; கொர்னேலியஸ் லான்சோஸ் என்ற ஹங்கேரியக் கணித மேதையின் பெயர் அது. சுருக்குவதற்கு அதை வைத்துக்கொண்டால் போதும், வேறு ஆராய்ச்சி வேண்டாம். 'அப்ளை ஷார்பன்' என்ற குறியையும் தட்டிவிட்டால் சுருங்கும்போது மழுங்குகிற கண்ணிமை, புருவம் கொஞ்சம் துலங்கும்.

கடைசியாகச் சேமிப்பு. 'சேவ்' அல்ல, 'சேவ் ஆஸ்'. வகை ஜேபிஜி, அதாவது நம் ஜேபெக்தான். பக்கத்தில் வரும் சிறு பெட்டியில் குவாலிட்டி 80 என்று இருந்தது. சேமித்துப் பார்த்தால் 11 கேபி.

இவ்வளவு நேரம் ஐம்பதுக்கு மேலே நிற்கிறதே என்று புலம்பியவள், இப்போது இருபதுக்குக் கீழே போய்விட்டதே என்று என்னைப் பார்த்தாள். கீழ்வரம்பும் ஒரு வரம்புதான், பலர் கவனிப்பதில்லை. சேமித்த படத்தைத் திறந்து மறுபடி சேமிக்காமல், திரையில் திறந்தே இருந்த சுருக்கிய படத்தை 95 என்ற தரத்தில் இன்னொரு முறை சேமித்தோம். 24 கேபி. விண்ணப்பம் வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டது.

இர்ஃபான்வியூவின் பிளக்இன் என்ற துணைக் கருவிகளின் தொகுப்பையும் சேர்த்து நிறுவியிருந்தால், 'இத்தனை கேபி வேண்டும்' என்று நேரடியாகவே எழுதிவிடலாம். தரத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நான் வேண்டுமென்றே அதைக் காட்டவில்லை. குமிழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தவருக்குத்தான் புள்ளிக்கும் எடைக்கும் உள்ள உறவு புரியும்.

கையெழுத்து என்ற கண்ணி

படத்தைவிடக் கையெழுத்து அதிகம் படுத்தும். அதே அறிவிப்பில் கையெழுத்துக்கு 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. கணக்குப் போடுங்கள். 140ஐ 60ஆல் பெருக்கினால் 8,400 புள்ளி. எந்தச் சுருக்கமும் செய்யாமல் புள்ளிக்கு மூன்று பைட் வீதம் எழுதினாலே 25,200 பைட். சுமார் 25 கேபிதான். அதிலும் முக்கால்வாசி வெள்ளைத் தாள். வெற்றிடத்தைக் கண்டால் ஜேபெக் எப்படிக் கொண்டாடும் என்று மேலே பார்த்தோம். தரத்தை 100 வரை ஏற்றியும் ஆறேழு கேபிக்கு மேல் எங்களுக்கு வரவில்லை. பத்து எப்படி வரும்?

அறிவிப்பில் அந்த பிக்சல் எண்ணுக்குப் பக்கத்தில் 'விரும்பத்தக்கது' என்று ஒரு சொல் இருப்பதைக் கவனித்தால் வழி கிடைக்கும். கட்டாயம் என்பது எடைதான். மூலப் படத்துக்குப் போய், 140க்கு 60 என்பதற்குப் பதில் அதன் இரட்டிப்பான 280க்கு 120 என்று சுருக்கினோம். விகிதம் அதேதான், புள்ளிகள் நான்கு மடங்கு. 90க்கு மேல் தரம் வைத்ததும் 11 கேபி வந்தது. ஏற்கெனவே 140க்குச் சுருக்கிய படத்தை 280க்குப் பெரிதாக்கியிருந்தாலும் எடை ஏறியிருக்கும். ஆனால் அது ரசத்தில் தண்ணீர் விளாவுவது போல. பாத்திரம் நிறையும், ருசி கூடாது. இல்லாத புள்ளியை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துத்தான் நிரப்பும். திரைப்படத்தில் போலீஸ் அதிகாரி மங்கலான படத்தைப் பெரிதாக்கச் சொன்னதும் வண்டி எண் பளிச்சென்று தெரிகிறதே, அது திரைப்படத்தில்தான்.

எண்கள் தேர்வுக்குத் தேர்வு மாறும். அமெரிக்க விசா படத்துக்குச் சதுரம் வேண்டும்: 600க்கு 600 முதல் 1200க்கு 1200 பிக்சல் வரை, எடை 240 கேபிக்குள். போன வருட அறிவிப்பை வைத்துக்கொண்டு இந்த வருடம் ஏற்றாதீர்கள்.

மூலப் படத்தை ஏன் தொடக் கூடாது

பல வருடங்களுக்கு முன் ஆச்சியை ஒரு படம் எடுத்தேன். திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து, யாரையோ கேலி செய்துவிட்டுத் தானே சிரிக்கிற முகம். உறவினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதற்காக 400க்கு 300 பிக்சலாகச் சுருக்கினேன். சுருக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் 'சேவ்' என்பதை அழுத்தினேன். கேமராவின் அட்டையை ஏற்கெனவே அழித்திருந்தேன்.

ஆச்சி போன பிறகு கூடத்தில் மாட்டுவதற்குப் படம் தேடியபோது எல்லோருக்கும் அந்தப் படம்தான் வேண்டியிருந்தது. பத்துக்கு எட்டு அங்குலச் சட்டத்துக்கு 3000க்கு 2400 பிக்சல் தேவை. என்னிடம் இருந்ததை ஒழுங்காக அச்சடித்தால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேதான் அகலம் வரும். கூடத்தில் இப்போது தொங்குவது ரேஷன் கார்டுக்காக எடுத்த வேறொரு படம். அதில் ஆச்சி சிரிக்கவில்லை.

சுருக்குவது ஒருவழிப் பாதை. 64 புள்ளிகளை ஒன்றாகக் கலந்த பிறகு அந்த 64 பேரைத் திரும்ப அழைக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. ஜேபெக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: திறந்து, திருத்தி, சேமிக்கிற ஒவ்வொரு முறையும் அது மறுபடி கொஞ்சம் தள்ளிவிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஒவ்வொரு தேவைக்கும் மூலத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். முன்பு ஏதோ படிவத்துக்குச் சுருக்கியதை எடுத்து இந்தப் படிவத்துக்கு ஏற்றாதீர்கள்.

வேறு கருவிகள்

விண்டோஸில் வருகிற பெயின்டே போதும் என்பார்கள். கன்ட்ரோல் விசையோடு டபிள்யூ விசையை அழுத்தினால் சுருக்கும் பெட்டி வரும்; 'பிக்சல்' என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணை எழுதலாம். என் கணினியிலுள்ள பெயின்டில் தரத்தை மாற்றும் குமிழ் இல்லை. அது கொடுக்கிற எடைதான் எடை. புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து கேபியைப் பிடிக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு ஆகும்.

கிம்ப் பெரிய கருவி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் காசு கிடையாது. 'இமேஜ்' பட்டியில் 'ஸ்கேல் இமேஜ்'. அங்கே அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் ஒரு சங்கிலிப் படம் இருக்கும். சங்கிலி பூட்டியிருந்தால் விகிதம் காக்கப்படும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் சேமிப்பில். 'சேவ்' கொடுத்தால் கிம்ப் தன் சொந்த வகையில் சேமிக்கும், எந்தப் படிவமும் அதை ஏற்காது. ஜேபிஜி வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட் ஆஸ்'. அப்போது வரும் பெட்டியில் முன்னோட்டக் குறியைத் தட்டினால், தரக் குமிழை நகர்த்த நகர்த்த எடை எவ்வளவு வரும் என்பதைச் சேமிப்பதற்கு முன்பே காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு கிம்ப் மீது தனிப் பிரியம். ஆனால் ஒரு பாஸ்போர்ட் படத்துக்காக அதை நிறுவுவது கறிவேப்பிலை வாங்க லாரி பிடிக்கிற கதை.

மேக்கில் 'ப்ரிவியூ' கூடவே வருகிறது. 'டூல்ஸ்' பட்டியில் 'அட்ஜஸ்ட் சைஸ்'.

இணையத்தில் 'படத்தை 20 கேபி ஆக்கித் தருகிறோம்' என்று ஏராளமான தளங்கள். பூப்படம் என்றால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் முகத்தையும் கையெழுத்தையும் பெருவிரல் ரேகையையும் ஒன்றன்பின் ஒன்றாக முகம் தெரியாத ஒரு தளத்துக்கு ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கணினி இல்லை, கைப்பேசிதான் என்றால் கூகுளின் 'ஸ்குவூஷ்' இருக்கிறது. உலாவியில் திறக்கிற தளம்தான் என்றாலும் வேலை முழுவதும் உங்கள் கருவிக்குள்ளேயே நடக்கிறது. படம் வெளியே போவதில்லை. புள்ளியையும் தரத்தையும் மாற்ற மாற்ற எடை கண்ணெதிரே மாறும்.

கல்யாண வீட்டுப் படங்கள் முந்நூறு என்றால் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்க முடியாது. இர்ஃபான்வியூவில் பி விசையை அழுத்தினால் மொத்தமாகச் சுருக்கும் சாளரம் வரும். 'நீண்ட பக்கம் 1600' என்று ஒரே ஒரு எண் கொடுத்தால் நிமிர்ந்த படம், படுத்த படம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நான்கு எம்பி வீதம் 1,200 எம்பி இருந்தது, நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடும். தொலைக்காட்சியில் பார்க்கவும் அது தாராளம். வெளியே வரும் படங்களுக்கு வேறு கோப்புறையைக் காட்டியிருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ஆச்சி படத்தின் தவறை ஒரே சொடுக்கில் முந்நூறு முறை செய்கிற வசதியும் அந்தச் சாளரத்தில் இருக்கிறது.

சில சில்லறைச் சங்கடங்கள். ஐஃபோன் படங்கள் பல 'ஹெச்இஐசி' என்ற வகையில் வரும். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதினால் அது ஜேபிஜி ஆகிவிடாது. உறைமேல் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் கடிதம் மாறுமா? திறந்து, புதிய வகையில் சேமிக்க வேண்டும். விண்டோஸில் கோப்பின் விவரத்தைப் பார்க்கும்போது 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு எண்கள் இருக்கும். படிவம் பார்ப்பது முதல் எண்ணை. இரண்டாவது, வட்டில் அது பிடிக்கிற இடம். பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். 49 கேபி படத்தை 52 என்று நினைத்து மறுபடி நசுக்கியவர்கள் உண்டு. பிஎன்ஜி வகை எதையும் தள்ளாமல் காக்கும். எழுத்து, வரைபடம், திரைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு அருமை. முகப்படத்தை அதில் சேமித்தால் கேபி எகிறும்.

படமும் கையெழுத்தும் ஏறியதும் தங்கை மகள் 'அடுத்து' என்ற பொத்தானைத் தட்டினாள். புதுப் பக்கம் திறந்தது. இடது பெருவிரல் ரேகை: 240க்கு 240 பிக்சல், 200 டிபிஐ, 20 முதல் 50 கேபி. டிபிஐ என்ற சொல்லைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "துண்டுச் சீட்டுதானே மாமா?" என்றாள். இர்ஃபான்வியூவின் 'இமேஜ்' பட்டியில் 'இன்ஃபர்மேஷன்' என்ற பெட்டிக்குள் 72 என்று இருப்பதை 200 என்று மாற்றி எழுதிவிட்டால் அவர்கள் கேட்ட சீட்டு ஒட்டியாகிவிடும். அதைச் சொல்லிவிட்டு, வீட்டில் எங்கோ கிடக்கும் மைப் பட்டையைத் தேட நான் எழுந்தேன்.